சிறுமலர் கண்ட நத்தார்

நத்தார்ப் பண்டிகை அணுகும்பொழுது கத்தோலிக்க இல்லங்கள்தோறும் பாலன் குடில் அமைக்கப்படுகின்றது. வைக்கோலும் தழையுங் கொண்டு வேயப்பட்ட அக்குடிலினுள்ளே நாம் காண்பது யாது? அரசனுடைய கொலுமண்டபம் அன்று. ஞானியருடைய தவச்சாலையும் அன்று. தந்தை ஒருவர், தாய் ஒருத்தி, குழந்தை ஒன்று; அவ்வளவே. கடவுள் மனிதனாய்ப் பிறந்தார் என்று நம்புவோர், அவர் ஒரு குடும்பத்திலே பிறந்தார் என்பதையும் உடன் நம்புகின்றனர். ஆகவே நத்தார் குடும்பத்தின் திருநாள் ஆகும். ஆயின், குடும்பத்தின் திருநாளிலேதான் குடும்பத்தின் மனத்தாங்கல்களும் தலைகாட்டுகின்றன என்பதை நாம் அறியாதவர் அல்லேம். காணியெல்லையாலோ, சீதனத்தாலோ, விருந்தொன்றிலே வாய்தவறி விழுந்த ஒரு சொல்லாலோ பிரிந்துவிட்ட உடன்பிறந்தார், ஒரே ஆலயத்திலே நடுச்சாமப் பூசை கண்டு, இருவேறு வாயில்களால் வெளியேறும் காட்சி நம் ஊர்களுக்குப் புதிதன்று.

இத்தகைய காலத்திலே சிந்தித்தற்குரிய ஒரு வாழ்க்கை வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். உலகம் சிறுமலர் எனப் போற்றும் புனித குழந்தை யேசுவின் திரேசம்மாள் வரலாறே அது. அவருடைய அற்புதங்களைக் கூறுவோர் பலர். யான் கூற விழைவது அவர் இல்லத்தைப் பற்றியது. அவ்வில்லத்திலே ஒரு நத்தார் இரவில் நிகழ்ந்த மிகச் சிறிய ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது.

பிரான்சு தேசத்தின் வடமேற்கிலே நோர்மண்டி என்னும் பகுதி உளது. அப்பகுதியிலே அலன்சோன் என்னும் நகர் ரேந்தை வேலைக்குப் பெயர்பெற்றது. அந்நகரிலே மணிக்கூடு திருத்துந் தொழில் செய்துவந்தவர் லூயி மார்ட்டின் என்பவர். ரேந்தை பின்னுவித்து விற்கும் தொழிலைத் தாமே நடத்தி வந்தவர் செலி அம்மையார். இவ்விருவரும் இளமையிலே துறவு பூண விரும்பியவர்கள். இலத்தீன் மொழி அறியாமையால் லூயி மடத்திலே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. செலியும் கன்னியர் மடத்தின் வாயிலிலிருந்து திருப்பப்பட்டார். துறவறத்தின் கதவு அடைபடவே இல்லறத்தின் கதவு திறந்தது. 1858ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே இருவரும் மணம் புரிந்தனர். மனைவியின் தொழில் பெருகவே, கணவர் தம் கடையை விட்டு அவருக்குத் துணைநின்றார். அக்காலத்திலே இது யாவரும் செய்யத் துணிவதொன்றன்று.

அவர்களுக்குப் பிறந்த மக்கள் ஒன்பதின்மர். அவருள் நால்வரைக் காலன் குழந்தைப் பருவத்திலேயே கவர்ந்துகொண்டான். எஞ்சியவர் மரி, போலீன், லெயோனி, செலின், திரேஸ் என்னும் பெண்கள் ஐவர். கடைக்குட்டியாகிய திரேஸ் 1873ஆம் ஆண்டு தை மாதம் 2ஆந் திகதி பிறந்தாள். பிறந்த சில வாரங்களிலேயே நலிவுற்ற அக்குழந்தையை நாட்டுப்புறத்துச் செவிலித்தாய் ஒருத்தியிடம் ஒப்படைத்து, ஓராண்டு கழித்தே வீட்டுக்கு அழைத்து வந்தனர்.

புனிதர்கள் தோன்றிய இல்லம் ஆதலால் அஃது எஞ்ஞான்றும் அமைதி நிலவிய இல்லம் என்று எவரும் கருதற்க. மூன்றாம் மகளாகிய லெயோனி பெற்றோருக்குப் பெருங்கவலை தந்தவள். சொற்கேளாள்; சினம் மிக்கவள்; மடத்துப் பள்ளியிலிருந்து இருமுறை திருப்பி அனுப்பப்பட்டவள். தாய் அணுக முயன்றபோதெல்லாம் மகள் விலகிச் சென்றாள். காரணம் யாதென 1877ஆம் ஆண்டிலேதான் தெரியவந்தது. வீட்டுப் பணிப்பெண் அச்சிறுமியை மறைவிலே அச்சுறுத்தித் தன் சொல்லுக்கன்றி வேறெவர் சொல்லுக்கும் அடங்காதவாறு ஆட்டிவைத்திருந்தாள். செலி அம்மையார் அப்பொழுது மார்பிலே தோன்றிய புற்றுநோயால் நலிந்துகொண்டிருந்தார். உண்மை தெரிந்தவுடன் பணிப்பெண்ணின் ஆணைக்கு முற்றுப்புள்ளி வைத்து, மகளைத் தம் அருகிலே இருத்திக்கொண்டார். ஆண்டுக்கணக்கிலே பூட்டிக் கிடந்த ஓர் உள்ளம் சில கிழமைகளிலே திறந்தது. தாயைவிட்டு அகலாத மகளாய் லெயோனி மாறினாள். ஆயின் அத்தாய்க்கு எஞ்சியிருந்த காலமோ சில திங்கள்களே. 1877ஆம் ஆண்டு ஆவணி 28ஆந் திகதி, 45 வயதிலே, அவர் இறைவனடி சேர்ந்தார். பிணக்கு நீங்குதற்கு முதலில் வேண்டுவது அறிவுரை அன்று, பிள்ளை ஏன் பிணங்குகின்றது என அறிதலே என்பதை, பல்லாண்டு வகுப்பறையிலே காலங்கழித்த யான் இவ்விடத்திலே நன்கு உணர்கின்றேன்.

தாயை இழந்தபோது திரேசுக்கு வயது நான்கரை. அடக்கம் நிகழ்ந்த அன்றே செலின் மூத்தவளாகிய மரியைத் தாயாகக் கொண்டாள். திரேஸ் போலீனைத் தாயாகக் கொண்டாள். அவ்வாண்டு கார்த்திகை மாதத்திலே லூயி தம் மக்கள் ஐவருடன் லிசியூ நகருக்குக் குடிபெயர்ந்தார். ஆங்கு மருந்துக்கடை நடத்திவந்த மைத்துனரின் குடும்பம் தாயற்ற பிள்ளைகளுக்கு ஆதரவாகும் என்பது கருத்து. ஐம்பத்து நான்கு வயதிலே தாமறிந்த ஊரையும் நண்பரையும் துறந்து செல்வது எளிதன்று. மக்களின் பொருட்டு அதனைச் செய்தார்.

லிசியூவிலே திரேஸ் அன்பினால் சூழப்பெற்று வளர்ந்தாள். ஆயினும் முன்பு துடுக்கும் களிப்பும் நிறைந்திருந்த குழந்தை, தாய் இறந்தபின் தொட்டாற்சிணுங்கியைப் போல ஆயிற்று. 1882ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே போலீன் அந்நகரத்துக் கார்மேல் மடத்திலே சேர்ந்தாள். தாயாக வரித்துக்கொண்டவளையும் இழந்த சிறுமி அடுத்த ஆண்டு விளங்காத நோயொன்றாற் படுக்கையிலே வீழ்ந்தாள். வைகாசி 13ஆந் திகதி, தன் அறையிலிருந்த தேவமாதாவின் சுரூபம் தன்னை நோக்கி முறுவலித்ததாக உணர்ந்து நோய் நீங்கினாள். உடல் தேறியது; உள்ளம் தேறவில்லை. யாரேனும் மனம் நோகச் சொல்லின் அழுவாள்; அழுகை ஓய்ந்தபின், அழுதுவிட்டோமே என்று எண்ணி மீண்டும் அழுவாள். 1886ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே மூத்தவளாகிய மரியும் கார்மேல் மடம் புகுந்தாள். அதே மாதத்திலே வேறொரு மடம் புகுந்த லெயோனி, இரண்டு மாதத்துக்குள் வாழ்க்கை ஒவ்வாது வீடு திரும்பினாள். இவ்வாறு வீடு பாதி வெறுமையுற்றிருந்த காலத்திலேதான் அவ்வாண்டின் நத்தார் வந்தது.

பிரான்சு தேசத்திலே ஒரு வழக்கம் உண்டு. நத்தார் இரவிலே சிறுபிள்ளைகள் தம் சப்பாத்துக்களைக் கணப்படுப்பின் அருகே வைப்பர். நடுச்சாமப் பூசை கண்டு திரும்பியபின், அவற்றினுள்ளே பெற்றோர் வைத்திருக்கும் பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து மகிழ்வர். திரேசுக்கு அப்பொழுது பதினான்கு வயது நிறைய ஒரு வாரமே இருந்தது. அவ்வழக்கம் அவளுக்கு உரிய பருவங் கடந்தது. எனினும் கடைக்குட்டி ஆதலால் செலின் அதனை விடாது நடத்தி வந்தாள். தந்தைக்கும், மகள் ஒவ்வொரு பரிசையும் எடுக்கும்பொழுது எழுப்பும் களிப்பொலியைக் கேட்பதிலே தனி மகிழ்ச்சி இருந்தது.

அவ்விரவு பேராலயத்திலே பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பினர். தந்தைக்கு வயது அறுபத்து மூன்று. களைப்போ, வேறு கவலையோ, கணப்படுப்பின் அருகே அச்சப்பாத்துக்களைக் கண்டபோது அவருக்குச் சலிப்புத் தோன்றியது. நல்லவேளை, இந்தக் குழந்தை விளையாட்டு இவ்வாண்டுடன் ஒழிந்தது என்னும் கருத்துப்பட ஏதோ சொன்னார். தொப்பியைக் கழற்றி வைத்தற்கு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த திரேசின் செவியிலே அச்சொல் வீழ்ந்தது. நெஞ்சிலே முள்போல் தைத்தது. கண்ணில் நீர் நிறைந்தது. தங்கையின் இயல்பை நன்கறிந்த செலின், இப்பொழுது கீழே இறங்கினால் அழுகை மிகும், சற்றுப் பொறு என்று தடுத்தாள்.

அடுத்து நிகழ்ந்ததை அவ்வீட்டில் எவரும் எதிர்பார்த்திலர். திரேஸ் கண்ணீரை விழுங்கினாள். படபடக்கும் நெஞ்சை அடக்கிக்கொண்டு விரைந்து கீழே இறங்கினாள். சப்பாத்துக்களை எடுத்துத் தந்தையின் முன்னே வைத்து, ஒவ்வொரு பரிசையும் வெளியே எடுத்து, அவர் சொல்லியது எதனையும் கேளாதவள் போல மகிழ்ச்சி பொங்கச் சிரித்தாள். தந்தையின் முகத்திலிருந்த சலிப்பு மறைந்தது, அவரும் சிரித்தார். செலினோ தான் காண்பது கனவோ என மயங்கினாள்.

நிகழ்ச்சி இவ்வளவே. இதிலே அற்புதம் எங்கே உளது என்று வாசகர் வினவலாம். யானும் இவ்வரலாற்றை முதன்முதலாகக் கற்றபொழுது அவ்வாறே வினவினேன். ஆயின் அவர் தம் வாழ்விலே முழு மனமாற்றம் பெற்றது அந்த இரவிலே என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். தாயின் மரணத்தோடு நான்கரை வயதிலே தாம் இழந்த மனவலிமையை அன்று திரும்பப் பெற்றதாகவும், பல்லாண்டு முயன்றும் தம்மால் ஆகாததை இறைவன் ஒரு கணத்திலே முடித்ததாகவும் அவர் கருதினார்.

இதனை எண்ணுந்தோறும் திருக்குறளின் அமைப்பு எனக்கு நினைவில் எழுகின்றது. இனியவை கூறல், பொறையுடைமை என்னும் அதிகாரங்களை வள்ளுவர் துறவறவியலில் வைத்தாரல்லர், இல்லறவியலிலே வைத்தார். வெகுளாமையை மட்டும் துறவறவியலுக்கு ஒதுக்கினார். பிறர் செய்ததைப் பொறுத்தல் வீட்டிலே பயிலவேண்டிய பாடம். சினமே தோன்றாத நிலை அப்பயிற்சியின் முதிர்ச்சி. பொறுமையைக் காட்டிலே சென்று கற்கவேண்டியதில்லை. நம்மை நோகச் செய்யும் வல்லமை அயலாரினும் நம்மவருக்கே மிகுதி. ஆதலால் அதனைக் கற்கும் பள்ளியும் நம் வீடே. திரேஸ் அப்பாடத்தை மாடிப்படியிலே கற்றாள்.

இன்னொன்றையும் நோக்குக. அங்கே தந்தை மன்னிப்புக் கேட்கவில்லை. மகள் மன்னிப்பளித்ததாகச் சொல்லவுமில்லை. நொந்தவளே முதலில் இறங்கி வந்தாள். நோகச் செய்தவர் அதனை அறியுமுன்னரே அவர் உள்ளத்துக்கு மகிழ்ச்சியைக் கொடுத்துவிட்டாள். நாம் பெரும்பாலும், தவறு செய்தவர் வரட்டும் என்று மாடியிலே காத்திருக்கின்றோம். கீழே இருப்பவரோ தாம் ஏதேனும் சொன்னதாகவே நினையார். இவ்வாறு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

பெருங்குற்றங்கள் வேறு, அவற்றுக்கு நீதியும் உண்மையும் வேண்டும். லெயோனிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் செலி அம்மையார் சிரித்து மழுப்பிவிடவில்லை, கண்டறிந்து தடுத்தார். ஆனால் வீடுகளைப் பிரிப்பவற்றுட் பல அத்தகைய குற்றங்கள் அல்ல. களைத்த ஒருவர் வாயிலிருந்து வந்த சலிப்புச் சொற்களே. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதலே இல்லறத்தின் நுட்பம் என்க.

அவ்விரவின் பயன் அடுத்த ஆண்டிலே தோன்றியது. 1887ஆம் ஆண்டு வைகாசி 29ஆந் திகதி, தோட்டத்திலே தந்தையின் அருகே அமர்ந்து, தானும் கார்மேல் மடம் புக விரும்புவதை அவள் தெரிவித்தாள். இரு மக்களை ஏற்கெனவே ஈந்த தந்தை கண்ணீர் விட்டார், தடுக்கவில்லை. மதிலோரத்திலே வளர்ந்த சிறிய வெண்மலர்ச் செடியொன்றை வேருடன் பறித்து மகளிடம் கொடுத்தார். சிறுமலர் என்னும் பெயரோடு இம்மலரையும் இணைத்து நோக்குதல் பொருந்தும். பதினைந்து வயதும் நிரம்பாதவள் என மடத்துக்குப் பொறுப்பான குருவானவர் மறுத்தார். மேற்றிராணியாரும் உடன் இசைந்தாரல்லர். தந்தையும் மகளும் உரோமாபுரிக்கு யாத்திரை சென்றனர். கார்த்திகை 20ஆந் திகதி பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் பாதத்தடியிலே திரேஸ் தன் வேண்டுகோளைச் சமர்ப்பித்தாள். உறுதியான விடை கிட்டவில்லை. அவ்வாண்டு நத்தாருக்கு வருமென எதிர்பார்த்த கடிதமும் வந்திலது. அவ்விரவு அவள் அறையிலே செலின் ஒரு சிறு தோணியை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, அதனுள்ளே உறங்கும் பாலனை வைத்திருந்தாள். துன்புற்ற தங்கைக்குத் தமக்கை கூறிய ஆறுதல் அது. புத்தாண்டு நாளிலே இசைவு தெரியவந்தது. 1888ஆம் ஆண்டு சித்திரை 9ஆந் திகதி திரேஸ் மடம் புகுந்தாள்.

ஆனால் மிகக் கொடிய சோதனை இனிமேலேதான் வந்தது. சில காலமாகவே நோய்க்குறி காட்டிய தந்தையின் மனம் சிதையத் தொடங்கியது. 1888ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே அவர் எவரிடமும் சொல்லாது வீட்டைவிட்டு ஏகினார். நான்கு நாட்களின் பின்னரே கண்டுபிடிக்கப்பட்டார். 1889ஆம் ஆண்டு தை 10ஆந் திகதி திரேசம்மாள் துறவாடை அணிந்தபொழுது, தேறியிருந்த தந்தையார் மகளின் கரம்பற்றி அழைத்துச் சென்றார். ஒரு மாதங் கழித்து, மாசி 12ஆந் திகதி, கான் நகரிலே சித்தசுவாதீனம் இழந்தோருக்கான வைத்தியசாலையிலே அவர் சேர்க்கப்பட்டார். செலினும் லெயோனியும் சில காலம் அந்நகரிலேயே தங்கி அவருக்கு அண்மையில் இருந்தனர். அவர் அங்கே கழித்த காலம் மூன்று ஆண்டுக்கு மேல்.

ஊரார் வாய் சும்மா இருக்குமா? மக்கள் ஒருவர்பின் ஒருவராகத் துறவு பூண்டதால் அன்றோ தந்தையின் அறிவு பேதலித்தது என்று பேசினர். செல்லமகளின் பிரிவே காரணம் என்ற பேச்சு மடத்தின் மதிலையும் கடந்து திரேசம்மாள் செவிக்கு எட்டியது. மனநோய் உற்றவரை வீட்டின் உள்ளறையிலே மறைத்துவைத்து, அவர் பெயரைச் சொல்லவும் கூசும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள. அவர்களுக்கு இவ்விடம் தெரியும். திரேசம்மாள் தம் தந்தையை எண்ணிக் கூசினாரல்லர். அந்த ஆண்டுகளைத் தம் குடும்பத்தின் பெருஞ்செல்வமாகவே மதித்தார். 1892ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே லூயி வீட்டுக்கு அழைத்துவரப்பட்டார். அம்மாதம் 12ஆந் திகதி மடத்தின் சந்திப்பறையிலே மக்கள் அவரைக் கடைசி முறையாகக் கண்டனர். அவர் விண்ணைச் சுட்டி, அங்கே சந்திப்போம் என்பதை உணர்த்தினார். 1894ஆம் ஆண்டு ஆடி 29ஆந் திகதி அவர் உயிர் துறந்தார். அதுகாறும் உடனிருந்து பணிசெய்த செலின் அவ்வாண்டு புரட்டாதி மாதத்திலே தானும் அம்மடத்திற் சேர்ந்தாள். சகோதரியர் நால்வர் ஒரு மடத்தின் கீழ் ஒன்றுகூடினர்.

மடமும் ஒரு குடும்பமே. நாமே தெரிந்துகொள்ளாத உறவினரோடு வாழ்வது போல, அங்கும் தாம் தெரிந்துகொள்ளாத பலரோடு ஒரு கூரையின்கீழ் வாழவேண்டும். தம் இயல்புக்கு எவ்வாற்றானும் ஒவ்வாத கன்னியாஸ்திரீ ஒருவரைக் காணும்போதெல்லாம் திரேசம்மாள் முறுவல் பூத்தார். தம்மிடம் அவ்வளவு கவர்ச்சியாகத் தோன்றுவது யாது என அவரே வியந்து கேட்குமளவுக்கு அம்முறுவல் இருந்தது. முதுமையாலும் நோயாலும் சினம் மிக்கிருந்த மற்றொருவரை ஒவ்வொரு மாலையும் உணவறைக்கு அழைத்துச் செல்லும் பணியையும் தாமே ஏற்றார். மெல்ல நடந்தாலும் குறை, விரைந்து நடந்தாலும் குறை. உரொட்டியை வெட்ட அம்மூதாட்டி இடர்ப்படுவதைக் கண்டு, அதனையும் கேளாமலே வெட்டிக் கொடுத்து, ஒரு புன்னகையுடன் விடைபெறுவார். அம்மூதாட்டியின் நெஞ்சைக் கவர்ந்தது அப்புன்னகையே. மாடிப்படியிலே ஒருமுறை இறங்கியவர், அதன்பின் நாள்தோறும் இறங்கிக்கொண்டே இருந்தார்.

அவர் இவற்றை எழுதியதும் ஒரு குளிர்காலப் பேச்சின் விளைவே. 1894ஆம் ஆண்டின் இறுதியிலே, ஓய்வு வேளையில் சகோதரியர் குளிர்காய்ந்து அமர்ந்திருந்தபோது, திரேசம்மாள் தம் குழந்தைப் பருவத்துக் கதைகளைச் சுவைபடச் சொன்னார். கேட்டிருந்த மரி, இவற்றை எழுதுமாறு பணிக்கவேண்டும் என்று, அப்போது மடத்தலைவியாயிருந்த போலீனை வற்புறுத்தினார். அவ்வாறே 1895ஆம் ஆண்டிலே பள்ளிப்பிள்ளைகள் எழுதும் கொப்பியொன்றிலே எழுதலானார். தந்தை மறைந்து சில மாதங்களே கழிந்திருந்தன. நத்தார் இரவை எழுதும்பொழுது, தம்மை நோகச் செய்த அச்சொல்லை அவர் மறைத்தாருமல்லர். தந்தையைக் குறை கூறினாருமல்லர். ஒரு பேறு எனவே அதனைப் பதிந்தார். பழைய புண்ணை நினைந்து நன்றி கூற இயலுமாயின், அதுவன்றோ மெய்யான ஒப்புரவு?

கயரோகத்தால் மெலிந்து, 1897ஆம் ஆண்டு புரட்டாதி 30ஆந் திகதி, 24 வயதிலே திரேசம்மாள் மறைந்தார். மறு ஆண்டிலே அவருடைய எழுத்துக்கள் 2000 பிரதிகளாக அச்சாகிப் பின் உலக மொழிகள் பலவற்றிலும் பரவின. 1925ஆம் ஆண்டு பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தார். மடத்தைவிட்டு வெளியே செல்லாத அவரை 1927ஆம் ஆண்டிலே புனித சவேரியாருடன் ஒக்க வேதபோதகத்தின் பாதுகாவலியாக்கினார். 1997ஆம் ஆண்டு பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். 2015ஆம் ஆண்டிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவருடைய பெற்றோராகிய லூயி, செலி இருவரையும் ஒருங்கே புனிதர் எனப் பிரகடனஞ் செய்தார். மக்களைப் பெற்று வளர்த்த தம்பதியர் இருவர் ஒருங்கே அப்பெருமை எய்தியது அதுவே முதன்முறை. லெயோனி என்னாயினாள் எனக் கேட்பீர்கள். மும்முறை மடம் புகுந்து மும்முறையும் திரும்பிய அவள், தங்கை இறந்தபின் 1899ஆம் ஆண்டிலே நான்காம் முறை கான் நகரத்து மடத்திற் புகுந்து, 1941ஆம் ஆண்டு தன் முடிவுவரை அங்கேயே நிலைத்து வாழ்ந்தாள். அவளையும் புனிதர் வரிசையிற் சேர்ப்பதற்கான விசாரணை 2015ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. பள்ளியினின்றும் விலக்கப்பட்ட பிள்ளை, ஒரு தாய் காரணத்தைத் தேடிக் கண்டமையால் மீண்ட பிள்ளை அவள் என்பதை ஆசிரியராய் உள்ளோர் மறத்தலாகாது.

இவ்வாண்டும் நத்தார் வரும். மக்கள் கடல்கடந்த தேசங்களிலே வாழ, முதியோர் இருவர் மட்டும் குடில் அமைக்கும் வீடுகள் பலவாயின. தொலைபேசியிலே ஒரு சொல் சற்றுக் கடிதாய் விழுந்ததனால் பேச்சற்றுப்போன வீடுகளும் அவற்றுள் உள. அவ்வீட்டார்க்குப் பெரிய உபதேசம் எதுவும் என்னிடம் இல்லை. லிசியூ நகரத்து வீட்டிலே மாடிக்கும் கணப்படுப்புக்கும் இடையே இருந்தவை சில படிகளே. அவற்றை இறங்குதற்கு ஒரு சிறுமிக்குப் பத்து ஆண்டுகள் வேண்டியிருந்தன. இறங்கிய நேரமோ ஒரு கணம். நம் வீட்டுப் படிகளும் அத்துணை நீளமானவை அல்ல.